புது கேம்பரில் முதல் பயணம்: பழவேற்காட்டுக்கு முன் வீட்டு வாசல்

கேள்வி: திருவொற்றியூரில் வசிக்கிறோம். நானும் என் மனைவியும் ஒரு வேனைக் கேம்பராக, அதாவது உள்ளேயே சமைத்துப் படுக்கும் வண்டியாக மாற்றி, சென்ற வாரம்தான் கையில் வாங்கினோம். பொங்கல் விடுமுறையில் இரண்டு இரவு நீர்நிலை ஓரமாகத் தங்க ஆசைப்படுகிறோம். தொலைவாகப் போக வேண்டாம் என்று நினைக்கிறோம். எங்கே போகலாம்? எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?

பதில்:

முதலில் உங்கள் இருவருக்கும் வாழ்த்துகள். நானும் என் மனைவியும் தண்டையார்பேட்டைக்காரர்கள். ஏழு ஆண்டுகளாக இப்படியொரு வண்டியில் ஊர் ஊராகத் தங்கி வருகிறோம். அதற்கு முன் வேன்களுக்குப் பாடி கட்டும் பட்டறையில் நெடுநாள் மின்வேலை பார்த்தேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன், போகும் ஊரை முடிவு செய்வதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. முதல் இரவை உங்கள் வீட்டு வாசலிலேயே, வண்டிக்குள் படுத்துக் கழியுங்கள். வீட்டுக் கழிப்பறையைக்கூடப் பயன்படுத்தாதீர்கள். இரவுச் சாப்பாட்டை வண்டி அடுப்பில் சமையுங்கள், வண்டித் தொட்டித் தண்ணீரில் பாத்திரம் கழுவுங்கள், காலையில் காபியும் அங்கேயே போடுங்கள்.

எங்கள் வண்டி வந்த புதிதில் நாங்கள் இதைச் செய்யவில்லை. நேராகக் கிளம்பிப் போய்விட்டோம். நள்ளிரவில் என் மனைவி எழுப்பினாள். “என்னங்க, காலடியில் ஈரமாக இருக்கிறது.” தொட்டியிலிருந்து குழாய்க்குப் போகும் ரப்பர் ஹோஸின் கிளிப்பைப் பட்டறையில் முறுக்காமல் விட்டிருந்தார்கள். ஒரு ஸ்க்ரூ டிரைவரால் இரண்டு நிமிடத்தில் முடியும் வேலை. ஆனால் 40 லிட்டர் தண்ணீர் ஒட்டுப்பலகைத் தரைக்கு அடியில் இறங்கிவிட்டது. அந்தப் பலகை ஊதிப்போய், பிறகு முழுத் தரையையும் பிரிக்க வேண்டி வந்தது. வீட்டு வாசலில் நடந்திருந்தால் ஒரு துணியோடு போயிருக்கும். புது வண்டியில் ஒழுகும் இணைப்பும் தளர்ந்த வயரும் இருப்பது இயல்பு. அவை வெளிப்படும் இரவில் நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்பதுதான் உங்கள் கையில் இருக்கிறது.

இனி இடம். வடசென்னையில் நீருக்குப் பஞ்சமில்லை. ஆனால் எல்லா நீரும் தங்குவதற்கான நீர் அல்ல. புழல் ஏரி 1876-இலும் பூண்டி நீர்த்தேக்கம் 1944-இலும் கட்டி முடிக்கப்பட்டவை. இரண்டும் நம் வீட்டுக் குழாய்க்கு வரும் குடிநீர். அவற்றின் கரையில் வண்டியை நிறுத்திப் பாத்திரம் கழுவுவதை நினைத்துக்கூடப் பார்க்காதீர்கள். பகலில் பூண்டிக்குப் போய் அணையையும் அங்குள்ள தொல்பழங்கால அருங்காட்சியகத்தையும் பார்த்துவிட்டு வரலாம், அது வேறு.

எண்ணூர்க் கழிமுகம் உங்களுக்கு மிக அருகில் இருக்கிறது. நான் சிறுவனாக இருந்தபோது என் தாய்மாமா அங்கே தூண்டில் போடக் கூட்டிப் போவார். அந்த நீரின் மேல் எனக்குள்ள பாசம் குறையவில்லை. ஆனாலும் இரவு தங்க அங்கே போகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அனல்மின் நிலையங்களின் சாம்பல் ஒருபுறம், துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் இரவெல்லாம் ஓடுவது மறுபுறம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு கலந்து வந்த எண்ணெய் கொசஸ்தலை ஆற்றின் முகத்தில் படிந்து, வலைகளையும் படகுகளையும் கறுப்பாக்கியதை நீங்களே பார்த்திருப்பீர்கள். அங்குள்ள மீனவர்கள் அந்தத் துயரத்தோடுதான் இன்னும் பிழைப்பு நடத்துகிறார்கள். பொழுதுபோக்காகப் போய் நிற்கும் இடமாக அதை என்னால் பார்க்க முடியவில்லை.

ஆகவே பழவேற்காடுதான். மணலி, மீஞ்சூர், பொன்னேரி வழியாக உங்கள் வீட்டிலிருந்து ஏறக்குறைய 45 கிலோமீட்டர். ஏதாவது கோளாறு என்றால் இரண்டு மணி நேரத்தில் வீடு திரும்பிவிடலாம், முதல் பயணத்துக்கு அதுவே பெரிய தகுதி. இந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரிகளில் ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்தது இது. தமிழ்நாட்டையும் ஆந்திரத்தையும் தொட்டுக்கொண்டு கிடக்கிறது. பெரும்பாலான இடங்களில் ஆழம் குறைவுதான், மீனவர்கள் இறங்கி நடந்து வலை இழுப்பதைக் காணலாம்.

பொங்கல் விடுமுறை என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரு வாரம் தள்ளிப் போங்கள். காணும் பொங்கலன்று நகரத்தில் பாதிப் பேர் நீர்க்கரையில்தான் இருப்பார்கள். பழவேற்காட்டுச் சாலையில் புது வண்டியைத் திருப்பக்கூட இடம் கிடைக்காது. ஜனவரி கடைசி வாரத்தில், வார நாளில் போனால் எல்லாம் கூடி வரும். வடகிழக்குப் பருவமழை முடிந்திருக்கும், இரவு வெப்பம் 21 டிகிரி அளவுக்கு இறங்கும், பூநாரைகள் ஏரியில் இருக்கும். அக்டோபர் நடுவிலிருந்து டிசம்பர் நடுவரை மழையும் புயலும். ஏப்ரலுக்கு மேல் வண்டி அடுப்பாகிவிடும்.

ஏரிக்கரையிலேயே நிறுத்த வேண்டும் என்ற ஆசை எல்லோருக்கும் வரும், எங்களுக்கும் வந்தது. அதை விட்டுவிடுங்கள். இதற்கு மூன்று காரணங்கள். ஏரி பறவைகள் சரணாலயம், அதன் எல்லைக்குள் இரவு தங்க வனத்துறையின் அனுமதி வேண்டும். அதோடு அந்தக் கரை வெற்றிடம் அல்ல. பழவேற்காட்டு மீனவர்களிடம் ‘பாடு’ என்றொரு முறை உண்டு. எந்த இடத்தில், எந்த நாளில், யார் வலை கட்டுவது என்பதை ஊரே கூடி முறை வைத்துப் பகிர்ந்துகொள்கிறது. நமக்கு வெறும் மணல்திட்டாகத் தெரியும் இடம் அவர்களுக்கு வலை உலர்த்தும் களம். அங்கே வண்டியை நிறுத்துவது அடுத்தவர் முற்றத்தில் கட்டிலைப் போடுவது போல.

மூன்றாவதாக, மண். இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். ஒரு ஜனவரி மாலை, காய்ந்து வெள்ளையாகத் தெரிந்த தரையை நம்பி நீருக்கு முப்பது அடி தூரத்தில் நிறுத்தினோம். ஏரி ஆழமில்லாதது என்பதால் இரவில் வாடைக்காற்று வலுத்தால் தண்ணீரைக் கரைப்பக்கம் தள்ளிவிடும். விடிந்து பார்த்தால் நீர் வண்டியைத் தொடவில்லை, ஆனால் அடியிலிருந்து ஊறியிருந்தது. முன்சக்கரம் பாதி வரை களிமண்ணில் இறங்கிவிட்டது. ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்க இன்னும் புதைந்தது. கரைக்குத் திரும்பிய மீனவர்கள் ஆறு பேர் கயிறு கட்டி, பனைமட்டையைச் சக்கரத்துக்கு அடியில் கொடுத்து இழுத்துவிட்டார்கள். அவர்களில் மூத்தவர் என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார்: “தம்பி, வெள்ளைத் தரையை நம்பாதே. மேலே உப்புப் படிந்த தோல், கீழே சேறு. உமரிச் செடி முளைத்த இடத்திலும் நண்டு வளை இருக்கிற இடத்திலும் வண்டியை விடாதே.”

அன்றிலிருந்து எங்கே நிறுத்தினாலும் நான் இறங்கி நடந்து பார்க்கிறேன். பென்சில் கனத்துக்கு ஓட்டைகளும் அவற்றைச் சுற்றி மணி மணியாக உருட்டிப் போட்ட மண்ணும் தெரிந்தால், அது சிறு நண்டின் வளை. கீழே ஈரம் இருக்கிறது என்று அர்த்தம். பிறகு நீளமான ஸ்க்ரூ டிரைவரைத் தரையில் குத்துவேன். கைப்பிடி வரை தடையின்றி இறங்கினால் அந்த இடம் வேண்டாம். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள், சக்கரத்துக்கும் அதே பேச்சுதான்.

நான் சொல்லும் இடம் இதுதான். பொன்னேரியிலிருந்து பழவேற்காட்டுக்குப் போகும் சாலையில் மாந்தோப்பு வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். பகலில் ஒரு முறை போய், தோப்புக்காரரைப் பார்த்து, இரண்டு இரவுக்கு இவ்வளவு தருகிறோம் என்று பேசி முடித்துவிட்டு வாருங்கள். கெட்டித் தரை, கிணறு, முடிந்தால் ஒரு பிளக் பாயின்ட், சுற்றி வேலி. ஏரிக்கு அதிகாலையில் வண்டியிலேயே போய், பார்த்துவிட்டுத் திரும்புங்கள். நீருக்குப் பக்கத்தில் விழித்திருப்பதும் நீருக்கு அப்பால் தூங்குவதும்தான் சரியான ஏற்பாடு. கொசுவும் பாதியாகக் குறையும்.

தோப்புக்குள் எந்தப் பக்கம் பார்த்து நிறுத்துவது என்பதை நிதானமாக யோசியுங்கள். வெளிநாட்டுக்காரர்களின் கேம்பர் அறிவுரைகள் முக்கால்வாசி குளிரைப் பற்றியவை. நமக்குப் பகை புழுக்கம். காற்று குறுக்கே ஓட வேண்டும், அதற்கு எதிரெதிர்ப் பக்கங்களில் இரண்டு திறப்புகள் வேண்டும். நம் வேன்களில் பக்கவாட்டுக் கதவு இடப்பக்கம் இருக்கும். வண்டியின் மூக்கைத் தெற்கே வைத்தால் அந்தக் கதவு கிழக்கே திறக்கும், பகலில் கடற்காற்று நேராக உள்ளே வரும். அப்போது மேற்குப் பக்கம் வண்டியின் வலப்பக்கமாக அமைகிறது. அந்தப் பக்கத்தில் ஒரு மரம் இருக்கும்படி இடம் பாருங்கள். காலையிலிருந்து பிற்பகல் 2 மணி வரை கூரை மேலுள்ள சோலார் பலகைக்கு வெயில் கிடைக்கும். அதற்குப் பிறகு, வண்டியைச் சுடவைக்கும் மேற்கு வெயிலை மரம் தடுத்துவிடும். மரம் என்றால் மா அல்லது வேம்பு. தென்னையின் அடியில் ஒருபோதும் வேண்டாம். ஒரு நெற்று விழுந்தாலும் சோலார் பலகை போய்விடும், ஆள் மேல் விழுந்தால் கேட்கவே வேண்டாம்.

நிறுத்தியதும் தரை மட்டம் பாருங்கள். என் மனைவியின் வழி எளிது. தோசைக்கல்லை அடுப்பில் வைத்து ஒரு ஸ்பூன் எண்ணெய் விடுவாள். எண்ணெய் எந்தப் பக்கம் ஓடுகிறதோ அந்தப் பக்கச் சக்கரத்துக்கு அடியில் ஒன்றரை அங்குலப் பலகை. எண்ணெய் நடுவில் நிற்கும் வரை மாற்றி மாற்றி வைப்போம். சிறிது சாய்வு மிஞ்சினால் தலைமாடு உயரமாக இருக்கும்படி படுத்துக்கொள்ளுங்கள்.

மின்சாரக் கணக்கை நீங்கள் கேட்கவில்லை, ஆனால் முதல் இரவில் ஏமாற்றம் அங்கேதான் வரும், அதனால் விரிவாகவே சொல்கிறேன். உங்கள் வண்டியில் 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரி ஒன்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் ஏறக்குறைய 1,280 வாட்-மணி சேமிப்பு (ஒரு வாட் சாதனம் ஒரு மணி நேரம் ஓடினால் செலவாவது ஒரு வாட்-மணி). 40 லிட்டர் கம்ப்ரஸர் குளிர்பெட்டி 45 வாட் இழுக்கும். நம் ஊர் வெப்பத்தில் நாளில் பாதி நேரத்துக்கு மேல் ஓடும், ஆக ஒரு நாளைக்கு 550 வாட்-மணி என்று வையுங்கள். இரண்டு சிறு மின்விசிறிகள் தலா 20 வாட், பத்து மணி நேரம், 400. விளக்கும் கைபேசியும் 100. மொத்தம் ஒரு நாளைக்கு 1,050. பேட்டரி ஒரு நாள்தான் தாங்கும். 200 வாட் சோலார் பலகை நல்ல வெயில் நாளில் 700 முதல் 800 வரை திருப்பித் தரும். ஆக இரண்டு இரவு வசதியாகப் போகும். மூன்றாவது இரவுக்குப் பிளக் பாயின்ட் வேண்டும், அல்லது வண்டியை ஒரு மணி நேரம் ஓட்ட வேண்டும். ஓடும்போது என்ஜினிலிருந்து ஏற்றும் 30 ஆம்பியர் சார்ஜர் உங்கள் வண்டியில் இருக்கிறதா என்று பட்டறைக்காரரிடம் கேளுங்கள்.

இந்தக் கணக்கில் ஏ.சி. இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். சின்ன ஏ.சி.யே 600, 700 வாட் இழுக்கும். இரவு முழுவதும் ஓட இதுபோல நான்கு பேட்டரிகள் வேண்டும். இண்டக்‌ஷன் அடுப்பும் அப்படித்தான், ஒரு மணி நேரம் சமைத்தால் பேட்டரி காலி. எனவே அடுப்பு எரிவாயுவில் இருக்கட்டும், 5 கிலோ சிலிண்டர் போதும். இங்கே ஒரு விஷயத்தை மிக அழுத்தமாகச் சொல்ல வேண்டும். சமையல் எரிவாயு காற்றை விடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது, தரையில் தேங்கும். வண்டிக் கட்டிலும் தரையை ஒட்டித் தாழ்வாகத்தான் இருக்கும். சிலிண்டர் வைத்திருக்கும் பெட்டியின் அடித்தளத்தில் வெளியே திறக்கும் ஒரு துளை இருக்கிறதா என்று கையை விட்டுப் பாருங்கள். இல்லையென்றால் அதைப் போடும் வரை வண்டிக்குள் சிலிண்டரை ஏற்றாதீர்கள். படுக்கும் முன் ரெகுலேட்டரை மூடுவதை ஒருவர் செய்து, மற்றவர் பார்த்து உறுதி செய்யுங்கள். அடுப்பு எரியும்போது உண்டாகக்கூடிய மணமில்லாத நச்சுவாயுவான கார்பன் மோனாக்சைடுக்கு எச்சரிக்கைக் கருவி ஒன்றும் வாங்கி மாட்டுங்கள். ஜன்னலைச் சாத்திக்கொண்டு கொசுவத்தி கொளுத்துவதும் கூடாது. வலை போடுங்கள், மாலை 5.30-க்கே கதவு வலையை இழுத்துவிடுங்கள்.

தண்ணீர் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 20 லிட்டர் என்று கணக்கு வைத்தால் போதும். குடிக்க 20 லிட்டர் கேன் ஒன்று தனியாக. தொட்டியை வீட்டிலேயே நிரப்புங்கள், ஏரிக்கரை ஊர்களில் நிலத்தடி நீர் உப்பாக இருக்கலாம். பாத்திரம் கழுவிய நீரை ஒரு வாளியில் பிடித்துத் தோப்பு மரத்துக்கு ஊற்றுங்கள். கழிப்பறைப் பெட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்து, வீட்டுக் கழிப்பறையில் காலி செய்யுங்கள். வழியில் கால்வாயிலோ ஏரியிலோ மழைநீர் வடிகாலிலோ கொட்டுவதைச் சிலர் செய்கிறார்கள், என் நெஞ்சு கொதிக்கும். அந்த நீரில்தான் இறால் வளர்கிறது. ஏற்கெனவே நம் பக்கத்து நீரின் மேல் ஊரே குப்பையைக் கொட்டி வைத்திருக்கிறது.

சாப்பாட்டுக்கு முதல் இரவு புளிசாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் வீட்டிலிருந்தே எடுத்துப் போய்விடுங்கள். இட்லிப் பொடியும் நல்லெண்ணெயும் கூடவே இருக்கட்டும். வந்து சேர்ந்த களைப்பில் புது அடுப்போடு போராட வேண்டாம். மறுநாள் காலையில் பழவேற்காட்டில் மடவை, இறால், நண்டு எல்லாம் ஏரியிலிருந்து வந்த ஈரத்தோடு கிடைக்கும். வாங்குங்கள், ஆனால் வண்டிக்குள் சமைக்காதீர்கள். மெத்தையிலும் திரையிலும் ஏறிய மீன் வாடை ஒரு மாதம் போகாது. அடுப்பை வெளியே எடுத்து வைத்து, மரத்தடியில் குழம்பு கூட்டுங்கள். அங்கே சாப்பிட்ட மடவைக் குழம்பின் ருசியை நாங்கள் வீட்டில் ஒரு முறைகூடக் கொண்டுவர முடிந்ததில்லை.

காலை 5.30-க்குக் கிளம்பி ஏரிப் பாலத்தில் நில்லுங்கள், பழவேற்காட்டிலிருந்து கலங்கரை விளக்கக் குப்பத்துக்குப் போகும் பாலம். பைனாகுலர் இருந்தால் கட்டாயம் எடுத்துப் போங்கள். பூநாரை தலையைக் கவிழ்த்து, அலகைத் தலைகீழாக நீருக்குள் வைத்து, நாக்கால் தண்ணீரை உறிஞ்சித் தள்ளிச் சல்லடை போலச் சிற்றுயிர்களை வடிகட்டும். கூட்டமாக அவை மெதுவாக நகரும்போது கால்களால் சேற்றைக் கிளறுவதும் தெரியும். நாங்கள் முதல் முறை பார்த்தபோது என் மனைவி அரை மணி நேரம் பேசவே இல்லை. பக்கத்தில் போக முயலாதீர்கள், ட்ரோன் பறக்கவிடாதீர்கள். ஒரு முறை கலைந்தால் அவை எழுந்து வெகுதூரம் போய்விடும்.

வெயில் ஏறியதும் டச்சுக் கல்லறைத் தோட்டம். டச்சுக்காரர்கள் 1613-இல் இங்கே கெல்டிரியா கோட்டையைக் கட்டினார்கள், கோட்டை இன்று புதர். ஆனால் கல்லறை வாசலில் செதுக்கியிருக்கும் எலும்புக்கூட்டுச் சிற்பங்களும், குலச்சின்னம் பொறித்த கல்பலகைகளும் நின்று பார்க்க வேண்டியவை. ஊருக்குள் இஸ்லாமியப் பெண்கள் பனையோலையில் பின்னும் பெட்டிகளை வாங்கிக்கொள்ளுங்கள். வண்டிக்குள் வெங்காயம் பூண்டு வைக்க, காற்றோட்டத்துக்கு அதைவிட நல்ல பெட்டி கிடையாது.

படகில் கூட்டிப் போகிறோம் என்று யாராவது அழைத்தால், உயிர்காப்பு அங்கி இல்லாமல் ஏறாதீர்கள். 2011 கிறிஸ்துமஸ் நாளில் இதே ஏரியில் ஒரு படகு கவிழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள், அதில் குழந்தைகளும் இருந்தார்கள்.

இருவருக்கிடையே ஒரு பேச்சு முன்பே முடிந்திருக்க வேண்டும். வண்டியைப் பின்னால் எடுக்கும்போது யார் இறங்கி நிற்பது, என்ன சைகை என்பது. உங்கள் மனைவி உங்கள் வலப்பக்கக் கண்ணாடியில் முழுதாகத் தெரியும்படி நிற்க வேண்டும். அவர் கண்ணாடியில் தெரியாத நொடியில் நீங்கள் பிரேக்கை மிதிக்க வேண்டும். உள்ளங்கை காட்டினால் நில், ஒரு கையைத் தன் பக்கம் அசைத்தால் வா. வாயால் கத்துவது எதுவும் வேண்டாம், என்ஜின் சத்தத்தில் ‘வா’வும் ‘விடு’வும் ஒன்றாகக் கேட்கும். திருவொற்றியூரில் காலியாக இருக்கும் ஒரு தெருவில் பத்து முறை பழகிவிட்டுப் போங்கள். அவரும் ஓட்டிப் பழகட்டும். ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் மற்றவர் வண்டியை வீட்டுக்குக் கொண்டுவர வேண்டுமே.

காகிதங்களையும் பார்த்துவிடுங்கள். வேனின் இருக்கைகளை எடுத்து, உள்ளே கட்டில் போட்டு மாற்றியது பதிவுச் சான்றிதழில் ஏறியிருக்க வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு அதைப் பற்றியதுதான். ஏறவில்லையென்றால் விபத்து நேரத்தில் இன்சூரன்ஸ் கோரிக்கை சிக்கலாகும். பட்டறைக்காரர் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருந்தாலும், சான்றிதழை நீங்களே ஒரு முறை வாசித்துப் பாருங்கள்.

வீடு திரும்பிய அன்றே, களைப்பாக இருந்தாலும், வண்டியின் அடிப்பகுதியை நல்ல தண்ணீரில் பீய்ச்சிக் கழுவுங்கள். சக்கர வளைவுகள், பிரேக் குழாய்கள், சைலன்ஸர், பின்கதவுக் கீல் எல்லாவற்றிலும் உப்புக்காற்று படிந்திருக்கும். ஒரு வாரம் விட்டால் துரு பிடிக்கத் தொடங்கிவிடும். தண்ணீர்த் தொட்டியை முழுதாக வடித்து மூடியைத் திறந்து வையுங்கள். மெத்தையைத் தூக்கி நிறுத்தி அடியில் ஈரம் இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள், இருவர் மூச்சும் வியர்வையும் அங்கேதான் போய்ச் சேரும். குளிர்பெட்டியை அணைத்துவிட்டு, கதவு சாத்திக்கொள்ளாமல் இருக்க ஒரு துண்டை மடித்து இடையில் சொருகி வையுங்கள்.